ஃபார்ம் ஸ்டே (பண்ணையில் தங்கும் விடுமுறை) என்று பணம் வாங்கிவிட்டு காலித் தொழுவத்தைக் காட்டியது பற்றிப் புகார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

மதிப்புக்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். இதே விஷயத்தை உங்கள் ஆப்பிலும் மின்னஞ்சலிலும் போனிலும் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒருவர் எடுத்து, முதலிலிருந்து சொல்லுங்கள் என்கிறார். கடைசியில் பண்ணைக்காரரிடம் பேசுங்கள் என்று முடிக்கிறார். பண்ணைக்காரரோ, பணம் கம்பெனிக்குத்தானே கட்டினீர்கள், அங்கேயே கேளுங்கள் என்கிறார். இந்தக் கடிதத்தையாவது நீங்களே நேரில் படிக்க வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

நாங்கள் எடுத்தது குடும்ப பேக்கேஜ், தொழுவத்தை ஒட்டிய வீடு. அதில் என்னென்ன சேர்த்தி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு வேளையும் பால் கறக்கும்போது பிள்ளைகள் கூட இருக்கலாம், கன்றுக்குப் புட்டியில் பால் கொடுக்கலாம், கோழிக்கூண்டில் முட்டை எடுக்கலாம் என்று எழுதியவர்கள் நீங்கள்தான். அதற்காக மட்டும்தான் அந்த வீட்டை எடுத்தோம். வெறுமனே போய்ப் படுத்துத் தூங்க வேறு எத்தனையோ இடம் இருக்கிறது.

போய் இறங்கினால் தொழுவம் காலி. தரையில் ஈரமே இல்லை, சாணி வாடை இல்லை. தீவனத் தொட்டிக்குள் ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை சிலந்தி வலை கட்டியிருந்தது. மாடுகளை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள் என்று அங்கே வேலை பார்க்கிற தம்பி சொன்னார். முந்தின நாள் மாற்றியிருந்தால் தொட்டியில் அவ்வளவு வலை எப்படி வரும்? தெரிந்தே எங்களை வரவழைத்திருக்கிறீர்கள்.

மறுநாள் காலை என் மகளைக் கோழிக்கூண்டுக்குக் கூட்டிப்போனார்கள். வைக்கோலை விலக்கி ஒரு முட்டையை எடுத்தவள், "அப்பா, ஜில்லுனு இருக்கு" என்று என் கையில் வைத்தாள். ஓட்டின் மேல் முத்து முத்தாக நீர் கோத்திருந்தது. கோழியின் உடல் சூடு 41 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். அப்போதுதான் இட்ட முட்டை கையில் கதகதப்பாக இருக்கும். இது குளிர்பெட்டியிலிருந்து எடுத்து வைக்கோலில் ஒளித்த முட்டை. இறகு உதிரும் காலத்தில் கோழி முட்டை இடாது என்பது எனக்கும் தெரியும். இப்போது முட்டை இல்லை என்று சொல்லியிருந்தால் பிள்ளைக்கு அதையே விளக்கியிருப்பேன். ஏழு வயதுக் குழந்தையை ஏமாற்றத் துணிந்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அன்றைக்கே உங்கள் உதவி எண்ணுக்குப் போன் செய்தேன். எடுத்த பெண் முழுதாகக் கேட்கக்கூட இல்லை. "மாடு இல்லைன்னா நாங்க என்ன சார் செய்ய, ஓட்டிக்கிட்டு வந்து கட்டவா?" என்று கேட்டுச் சிரித்தார். ஸ்பீக்கரில் என் மனைவி, அப்பா, பிள்ளைகள் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. உங்கள் அழைப்புகள் எல்லாம் பதிவாகின்றன என்று நீங்களே அறிவிக்கிறீர்களே, தயவுசெய்து அந்தப் பதிவைப் போட்டுக் கேளுங்கள்.

இன்னொருவர் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் கன்று எப்போதும் இருக்காது சார், அது இயற்கை என்றார். சரி. பசுவின் சினைக்காலம் ஏறத்தாழ 280 நாள். எந்த மாடு எப்போது ஈனும் என்று பண்ணைக்காரருக்கு மாதக்கணக்கில் முன்பே தெரியும். கன்று பால் மறந்து தீவனத்துக்கு மாறும் காலமும் தெரியும். கன்று இருக்கும் மாதங்களைக் குறிப்பிட்டுப் பதிவு வாங்குவதில் உங்களுக்கு என்ன கஷ்டம்?

விட்டுப்போனது ஒன்று. அப்பாவுக்கு முட்டி வலி என்பதால் கீழ் அறை கேட்டு, உறுதியும் வாங்கியிருந்தோம். கொடுத்தது மாடி அறை. அப்புறம், கோழிக்கூண்டுப் பக்கம் இருந்த குழாயில் தண்ணீர் வரவில்லை, சோப்பும் இல்லை. பார்க்க நன்றாக இருக்கும் கோழியிடம்கூட சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். தொட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கை கழுவ வேண்டும். என் சின்னவனுக்கு ஐந்து வயது ஆகவில்லை. அவனுக்கு ஏதாவது ஆகியிருந்தால் யார் பொறுப்பு?

ஊர் திரும்பியதும், அசல் ரசீதோடு நேரில் வந்தால் உடனே முடித்துத் தருகிறோம் என்று உங்கள் ஆள் சொன்னதை நம்பி, வேலைக்கு லீவு போட்டு உங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். மதியம் வரை உட்கார வைத்துவிட்டு, ரீஃபண்ட் எல்லாம் ஆன்லைனில்தான், இங்கே யாரும் பார்ப்பதில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். இதை வாசலிலேயே சொல்லியிருக்கலாமே! ஒரு நாள் சம்பளமும் போனது, இருந்த கொஞ்ச நம்பிக்கையும் போனது.

எங்கள் குடும்பம் மொத்தமும் ஒன்றாகக் கிளம்ப வாய்த்த ஒரே விடுமுறை அது. பிள்ளைகளின் இந்த வயதை உங்களால் திருப்பித் தர முடியாது. பணத்தையாவது தாருங்கள். கட்டிய தொகை முழுவதும், போய்வந்த செலவும் வேண்டும். சிரித்த அந்தப் பெண்ணிடமிருந்து எழுத்தில் மன்னிப்பு வேண்டும். மாடும் கன்றும் உள்ள அந்தப் படங்களை உங்கள் பக்கத்திலிருந்து எடுக்க வேண்டும். இன்றைக்கும் அதே படத்தைக் காட்டித்தான் பதிவு வாங்கிக்கொண்டிருக்கிறீர்கள்.

சண்டை போடும் எண்ணம் எனக்கு இல்லை. நீங்கள் நியாயமாக நடந்தால் நானும் இத்தோடு விட்டுவிடுவேன். 15 நாளுக்குள் பதில் வராவிட்டால் கார்டு கொடுத்த வங்கியில் பணத்தைத் திருப்பக் கோரி எழுதுவேன், நுகர்வோர் நீதிமன்றத்துக்கும் போவேன். தொழுவத்தின் படம், தொட்டியின் படம், ரசீது எல்லாம் கைவசம் இருக்கின்றன.

இனி போனில் யாரும் அழைக்க வேண்டாம். பதில் எழுத்தில் மட்டும் வரட்டும், அடியில் பொறுப்பானவரின் பெயரும் கையெழுத்தும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
தொழுவத்தை ஒட்டிய வீட்டைப் பதிவு செய்த வாடிக்கையாளர்

இணைப்பு: ரசீது நகல், படங்கள்