சால்மிங் போய்விட்டார், மச்சான்

ஸ்காபரோ,
27 நவம்பர் 2022

அன்பு மச்சான்,

சுகமா? இங்கே எல்லாரும் சுகம். சின்னவளுக்கு வேலை சரிவந்துவிட்டது. மாஸ்டர் ஊன்றுகோலை எறிந்துவிட்டு நடக்கிறார். மற்றதெல்லாம் தொலைபேசியில் கதைக்கலாம்.

ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸ் ஐஸ் ஹொக்கி அணியின் பழைய தடுப்பாட்டக்காரர், எங்கள் சுவீடன்காரர் பொர்யே சால்மிங் வியாழக்கிழமை காலமாகிவிட்டார். வயது 71. உனக்கு இதை வேறு யாரும் சொல்லமாட்டார்கள் என்றுதான் எழுதுகிறேன்.

ஏஎல்எஸ் நோய். தசைகளை இயக்கும் நரம்புகள் செத்துக்கொண்டே போக, உடம்பு ஒவ்வொரு பகுதியாக அடங்கிவிடும். ஆகஸ்டில்தான் வெளியே சொன்னார்கள். இரண்டு கிழமைக்கு முன் அந்த நிலையிலும் சுவீடனிலிருந்து ரொறன்ரோ வந்திருந்தார். பேச்சு நின்றுவிட்டது. சனம் எழுந்து நின்று கைதட்ட, பக்கத்தில் நின்ற, அவரோடு அந்தக் காலத்தில் விளையாடிய டாரில் சிட்லர் அழுதபடி அவருடைய கையைப் பிடித்து உயர்த்தினார். அடுத்த நாள் ஆட்டத்தில் மேப்பிள் லீஃப்ஸ் முதலில் இறக்கிய ஆறு பேரும் சுவீடன்காரர். நான் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்து வாய்விட்டு அழுதேன். மனிசி பயந்துபோய் மகனைக் கூப்பிட்டுவிட்டாள்.

மகனுக்கு விளங்கவில்லை. உனக்கு விளங்கும். இன்றைக்கு இங்கத்தைப் பெரிய ஹொக்கி லீக்கான என்எச்எல்லில் ஐரோப்பாக்காரன் இல்லாத அணி கிடையாது. 1973இல் சால்மிங் வந்தபோது நிலைமை வேறு. லீஃப்ஸ் ஆள் சுவீடனுக்குப் போனதே வேறு ஆட்டக்காரரைப் பார்க்கத்தான். அங்கே இவர் கண்ணில் பட, இவரையும் ஹாமர்ஸ்ட்ரோம் என்ற இன்னொரு சுவீடன்காரரையும் கூட்டிவந்தார்கள். சுவீடன்காரன் பயந்தாங்கொள்ளி, நாலு அடி போட்டால் ஊருக்கு ஓடிவிடுவான் என்பது இங்கே அன்றைய எண்ணம். இரண்டாவது ஆட்டமே பிலடெல்பியாவில். அடிதடிக்கென்றே பேர்போன அணி. தடியால் அடித்தார்கள், குத்தினார்கள். மனுசன் அசையவில்லை. அடுத்த ஆட்டத்துக்கும் வந்தார், அதற்கடுத்ததுக்கும் வந்தார், 16 பருவங்கள் இங்கேயே நின்றார்.

கிருனாப் பக்கத்து ஆள், மச்சான். ஆர்க்டிக் வட்டத்துக்கும் மேலே இருக்கும் இரும்புச் சுரங்க ஊர். தகப்பன் அந்த வடபகுதிப் பூர்வகுடியான சாமி இனத்தவர். இவருக்கு ஐந்து வயதாக இருக்கும்போதே சுரங்க விபத்தில் போய்விட்டார். அப்படி வளர்ந்தவனைத் தடியைக் காட்டியா விரட்டுவது?

நீ எப்போதும் கோல் மன்னன் க்ரெட்ஸ்கி கட்சி. கோல் அடிப்பவன்தான் ஆட்டக்காரன் என்று வெல்லஸ்லி வீட்டில் சாமம் வரை சண்டை பிடிப்பாய். பெரியண்ணை வந்து லைட்டை அணைத்தாலும் இருட்டுக்குள் கத்துவாய். இப்போதாவது கேள். தடுப்பாட்டக்காரன் பின்பக்கமாகச் சறுக்கிக்கொண்டே எதிரியைப் பார்க்கவேண்டும். மூலையில் இரண்டு பேர் வந்து மோதும்போது றப்பர் வட்டை எடுத்து, தலை நிமிர்ந்து, முன்னால் ஓடுகிறவனுடைய தடிக்குச் சரியாக அனுப்பவேண்டும். கோல் அங்கேதான் தொடங்குகிறது. லீஃப்ஸ் வரலாற்றிலேயே அதிகமாகக் கோலுக்கு வழி செய்து கொடுத்தவர் யார் தெரியுமா? முன்வரிசைக்காரர் ஒருவருமில்லை, சால்மிங்தான். 620 தடவை. இன்றைக்கும் முறியாத கணக்கு. அதுக்கு மேலே, எதிரி ஓங்கி அடிக்கும் வட்டுக்குக் குறுக்கே உடம்பைப் போட்டு விழுவார். அந்தக் காலத்துக் கவசம் எவ்வளவு மெல்லியது என்று உனக்குத் தெரியும்.

1986 நவம்பர் ஞாபகமிருக்கும். டெட்ரோயிட்டுடன் ஆட்டம். கோல் வாசல் நெரிசலில் கீழே கிடந்த சால்மிங்கின் முகத்தில் எதிரணி ஜெரார்ட் காலண்டின் சறுக்குச் சப்பாத்து ஏறிவிட்டது. தற்செயல்தான். நெற்றியிலிருந்து வாய் வரை கிழிந்து, 200க்கும் மேற்பட்ட தையல். பத்திரிகையில் வந்த அந்தப் படத்தை நீ வெட்டிச் சமையலறையில் ஒட்டிவைத்தாய். க்ரெட்ஸ்கி கட்சிக்காரன் ஏன் ஒட்டினாய் என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையுமில்லை. பகலில் வேலைத்தளத்தில் வந்த வழியே போ என்று கேட்டுவிட்டு, இரவில் வந்து அவரைத்தானே பார்த்தோம். அப்படிச் சொன்ன ஊரே 1976 கனடா கிண்ணப் போட்டியில், அவர் சுவீடன் சட்டையோடு நின்றபோது, எழுந்து நின்று ஆரவாரம் செய்ததாம். பெரியண்ணை இதைக் கண் கலங்கச் சொல்லுவார்.

என்எச்எல் வெற்றிக் கிண்ணமான ஸ்டான்லி கிண்ணம் அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. அந்த அணியை நடத்தியவர்கள் நடத்தின விதத்தில் கிடைத்திருக்கவும் முடியாது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. இப்படிப்பட்ட ஆளை வைத்துக்கொண்டு வீணாக்கினார்கள். ஆனாலும் 40 வயதில் 1992 ஒலிம்பிக்கில் சுவீடனுக்கு விளையாடினார். 1996இல் ஹொக்கி புகழ்மண்டபத்தில் சேர்த்தார்கள், சுவீடன்காரரில் முதல் ஆள்.

சரி, கோடைக்கு வருகிறேன் என்று மூன்றாம் முறையாக ஏமாற்றாதே. அரங்குக்கு வெளியே அவருடைய சிலை இருக்கிறது, கூட்டிப்போகிறேன். பெரியண்ணைக்கும் எடுத்துச் சொல்லு, எனக்கு அவருடைய புது நம்பர் இல்லை. அதையும் அனுப்பிவிடு.

அன்புடன்,
உன் மச்சான்