முருகேசனுக்கு, நாசிக்கிலிருந்து

நாசிக்,
ஜனவரி 18

அன்பு முருகேசா,

உன் கடிதம் பொங்கலுக்கு மறுநாள் கையில் கிடைத்தது. அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை. அறுவடை நேரம். ஸ்பார்க்கிளிங் ஒயினுக்கான, அதாவது குமிழ் விடும் ஒயினுக்கான திராட்சையை மற்றதற்கெல்லாம் முன்னாலேயே பறித்துவிட வேண்டும். முழு இனிப்பு ஏறுவதற்குள், புளிப்பு நிற்கும்போதே எடுக்க வேண்டும். விடியுமுன் ஆட்கள் கூடைகளோடு இறங்கி, வெயில் சுடுவதற்குள் பழத்தைப் பிழியும் இடத்தில் சேர்த்துவிடுகிறார்கள். நான் அங்கே காத்திருந்து சாறு ஒவ்வொன்றையும் நாக்கில் வைத்துப் பார்த்துப் பிரிக்க வேண்டும். இன்று மதியத்துக்குமேல்தான் ஓய்வு.

மதினிக்கு மூட்டுவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். அம்மாவுக்குக் கண்புரை அறுவை நன்றாக முடிந்தது. இப்போது ஊசியில் நூல் கோக்கிறாள். எனக்கு இந்த வருஷத்தில் அதைவிடப் பெரிய சந்தோஷம் வேறில்லை.

சரி, மகளை எங்கள் ஒயின் ஆய்வகத்துக்கு வேலைக்கு அனுப்பலாமா, நிலம் விற்ற பணத்தை ஒயின் தொழிலில் போடலாமா என்று நீ கேட்ட இரண்டு விஷயத்துக்கு வருகிறேன். மகளைத் தாராளமாக அனுப்பி வை. ஆனால் கூடலூர்ப் பக்கத்து நிலத்தை விற்ற பணத்தை இந்தத் தொழிலில் போடாதே. உன் சகலை சொல்கிற, நாசிக் பக்கத்துத் திண்டோரி ஒயின் ஆலைப் பங்கும் வேண்டாம். காரணங்களை நீ பொறுமையாகப் படிக்க வேண்டும்.

மூன்று வருஷத்தில் பணம் இரட்டிப்பாகும் என்று அவர் சொன்னதாக எழுதியிருக்கிறாய். இந்த மாதம் நான் பிழிகிற பழத்தையே எடுத்துக்கொள். முதலில் அது தொட்டியில் நொதித்துச் சாதாரண வெள்ளை ஒயினாகும், குமிழ் எதுவும் இருக்காது. பிறகு லிட்டருக்குச் சுமார் 24 கிராம் சர்க்கரையும் கொஞ்சம் ஈஸ்டும் சேர்த்துப் பாட்டிலில் அடைத்து, சோடா மூடி போட்டுப் படுக்க வைப்போம். உள்ளே இரண்டாவது முறை நொதிக்கும். அப்போது உண்டாகும் கரியமில வாயு வெளியே போக வழியில்லாமல் ஒயினிலேயே கரைந்து நிற்கும். ஒரு பாட்டிலுக்குள் 6 வளிமண்டல அழுத்தம், கார் டயரில் அடிக்கிற காற்றைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு. அதைத் தாங்கத்தான் அவ்வளவு கனமான கண்ணாடி. அப்புறம் செத்த ஈஸ்ட் அடியில் வண்டலாகப் படியும். அந்த வண்டலோடு மாதக்கணக்கில் கிடந்தால்தான் புதிதாகச் சுட்ட ரொட்டியின் வாசம் ஒயினுக்குள் இறங்கும். இந்தக் குமிழ் ஒயினுக்குப் பேர்போன பிரான்ஸின் சாம்பெயின் பகுதியில் சாதாரண பாட்டிலே குறைந்தது 15 மாதம் நிலவறையில் இருந்தாக வேண்டும், தனி ஆண்டின் பெயர் போட்ட பாட்டில் என்றால் மூன்று வருஷம். சட்டமே அப்படி. அங்கே நிலவறைகளில் எந்த நேரமும் 100 கோடிப் பாட்டில்களுக்கு மேல் உறங்கிக்கொண்டிருக்கின்றன. அத்தனையும் முடங்கிய பணம்.

இங்கே அதோடு நாசிக் கோடையும் சேர்கிறது. வெளியே 40 டிகிரி கொதிக்கும்போது உள்ளே 13, 14 டிகிரியில் வைத்திருக்க மின்சாரக் கட்டணம் மாதாமாதம் கட்ட வேண்டும். பழத்துக்கு, பாட்டிலுக்கு, ஆளுக்கு, குளிருக்கு என்று இன்று கொடுத்த காசு திரும்பிக் கண்ணில் படுவதற்குள் இரண்டு அறுவடை போய்விடும். வங்கி வட்டி அதுவரை நிற்காது. நீ பந்தல் போட்டு வருஷத்துக்கு இரண்டு மூன்று வெட்டு பார்க்கிறவன். கம்பத்தில் பழம் வெட்டினால் வியாபாரி பணத்தோடு வரப்புக்கே வருவான். அந்தக் கணக்கு இங்கே செல்லாது.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. இதுவரை உன்னிடம் சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன். 2007-இல் நானும் மூன்று லட்ச ரூபாய் போட்டேன். என்னோடு வேலை பார்த்த இரண்டு பேர் சேர்ந்து தொடங்கிய சிறிய ஒயினரி. ஒயின் நன்றாகவே வந்தது, இன்றைக்கும் சொல்வேன். 2008-இல் உலகம் முழுக்கப் பண நெருக்கடி. அந்த நவம்பரில் மும்பையில் தாக்குதல். நாங்கள் ஒயின் விற்க நம்பியிருந்த நட்சத்திர ஓட்டல்கள் காலியாகக் கிடந்தன. தொட்டி நிறைய ஒயின், வாங்க ஆளில்லை, அடுத்த அறுவடையோ வாசலில். இந்த வட்டாரத்தில் எத்தனையோ விவசாயிகள் ஒயின் திராட்சைக் கொடியைப் பிடுங்கிவிட்டுச் சாப்பிடும் திராட்சைக்கே திரும்பினார்கள். எங்கள் ஒயினரியை வங்கி எடுத்துக்கொண்டது. என் மூன்று லட்சம் அதோடு போனது. அந்த வருஷம் தங்கை வளைகாப்புக்குக்கூட வெறுங்கையோடு ஊருக்கு வந்து நின்றேன். ஏன் என்று நீ கேட்கவில்லை. அதை நான் மறக்கவில்லை.

இரண்டாவது காரணம் அரசாங்கம். மது மாநிலங்களின் கையில் இருக்கிறது. ஜிஎஸ்டி-க்குள் வராது. ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி வரி, தனி உரிமம். ஒரே பாட்டிலின் லேபிளை ஒவ்வொரு மாநிலத்திலும் தனித்தனியாகப் பதிவு செய்து, வருஷாவருஷம் கட்டணம் கட்ட வேண்டும். விளம்பரம் செய்யத் தடை. மகாராஷ்டிரத்தில் ஒயினுக்கு 20 சதவீதம் வாட் வரி. அதில் 16 சதவீதத்தை உள்ளூர் ஒயினரிகளுக்கு அரசே திருப்பித் தரும் திட்டம் ஒன்று உண்டு. பலருடைய லாபமே அந்தத் தொகைதான். அது இடையில் சில வருஷம் நின்றுபோய், பிறகுதான் திரும்ப வந்தது. 2022 ஜனவரியில் பெரிய பலசரக்குக் கடைகளில் ஒயின் விற்கலாம் என்று அமைச்சரவை முடிவெடுத்தபோது இங்கே எல்லோரும் இனிப்புக் கொடுத்துக்கொண்டார்கள். எதிர்ப்பு கிளம்பியது, அந்த முடிவு நடைமுறைக்கே வரவில்லை. பீகார் 2016-இல் ஒரேயடியாக மதுவிலக்குக்குப் போனது. நம் ஊரில் டாஸ்மாக்கைத் தவிர வேறு கடையே கிடையாது. இவற்றில் எதுவும் ஒயின் செய்கிறவன் கையில் இல்லை. நீ போடுகிற பணம் உன் உழைப்போடு நிற்காது, யாரோ போடுகிற ஒரு கையெழுத்தோடு நிற்கும்.

ஷேர் வாங்கலாமா என்றும் கேட்டிருந்தாய். இங்குள்ள சுலா ஒயின் நிறுவனம் 2022 டிசம்பரில் பங்குச்சந்தைக்கு வந்தது, ஒரு பங்கு 357 ரூபாய். திரட்டிய 960 கோடி முழுக்கப் பழைய பங்குதாரர்கள் விற்ற பங்குக்கானது, புதுத் தோட்டத்துக்கு வந்த பணம் அல்ல. அதில் தவறில்லை. வாங்குகிறவன் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும், அவ்வளவுதான். 2024 ஆரம்பத்தில் விலை 600-ஐத் தாண்டிப் போனது. 2025-இல் வெளியீட்டு விலைக்கும் கீழே இறங்கிவிட்டது. அவர்கள் இந்தத் தொழிலில் இங்கே மிகப் பெரியவர்கள், 1999-இலிருந்து நிற்கிறவர்கள். அவர்களுக்கே இப்படி ஏற்றமும் இறக்கமும் என்றால் புதிதாக வருகிற சின்ன ஒயினரி என்ன ஆகும் என்று யோசித்துப் பார். "உலகமே சாம்பெயின் குடிக்கிறது" என்கிறார் உன் சகலை. 2022-இல் சாம்பெயின் பகுதியிலிருந்து விற்பனைக்குப் போனது 32 கோடியே 50 லட்சம் பாட்டில், 2024-இல் 27 கோடியே சொச்சம். இதையும் அவரிடம் சொல்.

இனி உன் மகளைப் பற்றி. இதை எழுதத்தான் எனக்கு ஆசை.

பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் படித்த பெண் எங்கள் ஆய்வகத்துக்கு வருவது எங்களுக்குத்தான் நல்லது. கவாத்து தெரியும், பூஞ்சாணம் தெரியும், பழத்தைத் தொட்டே நாள் சொல்வாள் என்று நீயே எழுதியிருக்கிறாய். முதல் ஆறு மாதம் சர்க்கரை, புளிப்பு, கந்தகத்தின் அளவு, பாட்டில் அழுத்தம் என்று அளந்துகொண்டே இருப்பாள். அலுப்பாகத்தான் இருக்கும். அதற்குப் பிறகு ரிட்லிங் பார்க்கலாம். பாட்டிலைத் தலைகீழாகச் சாய்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, வண்டலைக் கழுத்துக்குக் கொண்டுவருகிற வேலை. இப்போது ஐந்நூறு பாட்டிலை ஒரே கூண்டில் வைத்து இயந்திரமே ஒரு வாரத்தில் முடித்துவிடுகிறது. கையால் என்றால் ஆறு வாரம். கழுத்தை மட்டும் உறைய வைத்து மூடியைத் திறந்தால் வண்டல் பனிக்கட்டியோடு துள்ளி வெளியே விழும். முதல் தடவை அதைப் பார்த்தபோது நான் கைதட்டினேன். அந்தக் காட்சியை அவளும் பார்க்க வேண்டும்.

இந்த முறைக்கு வழி காட்டியதே ஒரு பெண்தான் என்று மதினியிடம் சொல். சாம்பெயின் பகுதியின் ரெய்ம்ஸ் நகரத்தில் பார்ப்-நிக்கோல் க்ளிகோ. 1805-இல் கணவர் இறந்தபோது அவளுக்கு 27 வயது. பெண்கள் வியாபாரத்தில் இறங்காத காலம். மாமனாரிடம் பேசித் தொழிலைக் கையில் எடுத்தாள். நெப்போலியன் போர்களால் துறைமுகங்கள் அடைபட்டு, விற்க வழியில்லாமல் வருஷக்கணக்கில் தவித்தாள். 1814-இல் அமைதி திரும்புகிறது என்று தெரிந்ததும் மற்றவர்கள் முழித்துக்கொள்ளுமுன் ரஷ்யாவுக்குக் கப்பல் ஏற்றிவிட்டாள். கலங்கல் இல்லாத ஒயின் வேண்டுமென்று பலகையில் துளை போட்டுப் பாட்டிலைக் கவிழ்த்து வைக்கிற வழக்கம் அவளுடைய நிலவறையிலிருந்துதான் பரவியது.

ஆனால் மதினியின் பயம் வேறு என்று எனக்குத் தெரியும். "பொண்ணைச் சாராயக் கம்பெனிக்கா அனுப்புறது" என்று கேட்டிருக்கிறார். அந்தக் கேள்வியை நான் ஒதுக்க மாட்டேன். என் அப்பா எப்படிப் போனார் என்று உங்கள் இருவருக்கும் தெரியும். உலக சுகாதார நிறுவனம் 2023-இல் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்றே சொல்லிவிட்டது. நான் ருசி பார்க்கிற ஒவ்வொரு வாயையும் துப்பிவிடுகிறேன். வீட்டில் பாட்டில் வைப்பதில்லை. ஒயின் மருந்து என்று சொல்லி விற்கிற யாரோடும் எனக்கு ஒத்துப்போகாது. ஒரு பழத்துக்குள் இருக்கிற நல்லதை வெளியே கொண்டுவருவதில் எனக்கு இருக்கிற பிரியம் உண்மை. அப்பாவை நினைத்து வருகிற வலியும் உண்மை. இரண்டோடும்தான் இத்தனை வருஷம் வேலை பார்த்திருக்கிறேன். உன் மகளும் இதைத் தெரிந்துகொண்டே வரட்டும்.

வேலையில் ஆபத்தும் உண்டு, மறைக்கவில்லை. முன்பு நான் இருந்த இடத்தில் முகக்கவசம் கொடுக்காமல் பாட்டில் அடுக்கச் சொன்னார்கள். ஒன்று வெடித்து இடது புருவம் கிழிந்தது. அந்தத் தழும்புதான் நீ பார்த்தது, வண்டியில் விழுந்ததாகச் சொல்லியிருந்தேன். அதைவிடப் பெரியது கண்ணுக்குத் தெரியாதது. நொதிக்கும் தொட்டியிலிருந்து வரும் கரியமில வாயு கனமானது, தரையோடு தங்கும். சோதிக்காமல் தொட்டிக்குள் தலையை விட்டால் ஆள் எழுந்திருக்க முடியாது. முதல் நாளே அவளுக்கு நான் கற்றுத் தருவது இதுதான். அது வரையில் தொட்டி அறைக்குள் விட மாட்டேன்.

இன்னொரு விஷயம். 2023-இல் நம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து மனசுக்குள் ஒன்று ஓடிக்கொண்டே இருக்கிறது. பாட்டிலில் நொதிக்க வைத்தால் அந்த ரொட்டி வாசம் பன்னீர் வாசத்தை மூடிவிடும். இத்தாலியில் அஸ்தி என்ற இடத்தில் மஸ்கட் திராட்சையை அழுத்தம் தாங்கும் தொட்டியிலேயே நொதிக்க விட்டு, இனிப்பு பாதி இருக்கும்போதே குளிர வைத்து நிறுத்திவிடுகிறார்கள். மதுச் சத்து குறைவு, பழ வாசம் அப்படியே நிற்கும். நம் பன்னீரும் மஸ்கட் குடும்பம்தானே. அதற்கு இந்த வழிதான் சரி என்று நினைக்கிறேன். ஆய்வகத்தில் சிறிய அளவில் செய்து பார்க்க மேலாளர் சம்மதித்திருக்கிறார்.

அதனால் மகளை அனுப்பும்போது உன் தோட்டத்துப் பழம் ஒரு பத்துக் கிலோ கொடுத்து அனுப்பு. சந்தைக்குப் போகிற பக்குவத்தில் வேண்டாம், ஒரு வாரம் முன்னாலேயே வெட்டு. அடியில் வைக்கோல் போட்ட அட்டைப்பெட்டி போதும். ரயிலில் ஜன்னல் பக்கம் வெயில் படாமல் வைக்கச் சொல். ஸ்டேஷனுக்கு நானே வருகிறேன்.

உன்,
செல்வம்