எங்க ஐடிஐ மேடத்துக்கும் கூட நின்னவங்களுக்கும் ஒரு நன்றி

எல்லாருக்கும் வணக்கம், நான் காரைக்குடி பக்கம் ஒரு ஐடிஐல டர்னர் ட்ரேடுக்கு (லேத் மெஷின் வேலை) இன்ஸ்ட்ரக்டரா இருக்கேன், ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்ச நன்றி இது.

முதல்ல எங்க பிரின்சிபால் மேடத்துக்கு. 2022 நவம்பர்ல சாட்ஜிபிடி வந்ததுக்கப்புறம் எங்க பாத்தாலும் ஏஐ ஏஐன்னு ஒரே பேச்சு, பல எடத்துல "எல்லாரும் பயன்படுத்தணும்"னு ஒரு சர்க்குலரோட வேலை முடிஞ்சுது, ஆனா மேடம் சர்க்குலரே விடல. சனிக்கிழமை மத்தியானம் ஒரு மணி நேரம் ஒதுக்கி அந்த நேரத்துல வேற எந்த ரெஜிஸ்டர் வேலையும் தரமாட்டேன்னுட்டு, அவங்களே எங்ககூட பெஞ்சுல உக்காந்து கத்துக்கிட்டாங்க. தெரியாதத தெரியாதுன்னு எங்க முன்னாடியே கேட்டாங்க, அதப் பாத்ததும் எங்களுக்கு இருந்த கூச்சம் பாதி போயிருச்சு. வொர்க்‌ஷாப் வரைக்கும் வைஃபை இழுத்துக் குடுத்ததும் அவங்கதான்.

ஒரு புது டெக்னாலஜி பயன்படும்னு தோணணும், கையாள ஈசியாவும் இருக்கணும், அப்பதான் ஆளுங்க எடுத்துக்குவாங்கன்னு 1989லயே ஃப்ரெட் டேவிஸ்னு ஒரு அமெரிக்க ஆராய்ச்சியாளர் எழுதிருக்காரு. சரிதான், ஆனா வாத்தியாருக்கு அத தொட்டுப் பாக்க நேரமும் தைரியமும் யாரு குடுக்குறதுன்னா அது தலைமையில இருக்கவங்கதான், இத நான் கண்ணால பாத்துட்டேன்.

அடுத்து எங்க வெல்டர் சாருக்கு. "பையன் கை நடுங்குறத இது பாக்குமா மேடம்?"னு மொத நாளே நேரா கேட்டாரு. மேடம் கோவிச்சுக்கல, "பாக்காது சார், பேப்பர் வேலைய அதுகிட்ட குடுத்துட்டு நீங்க பையன் பக்கத்துல நில்லுங்க"ன்னாங்க. இன்னிக்கு சேஃப்டி வைவா (வாய்மொழித் தேர்வு) கேள்வியெல்லாம் அவருதான் ஏஐல தயார் பண்ணி மத்த ட்ரேடுக்கும் அனுப்புறாரு!

அவரு கேட்ட கேள்வியாலதான் எங்களுக்கு ஒரு ரூல் வந்துச்சு, ஏஐ சொல்ற எந்த நம்பரும் நிமி புக்குல (ஐடிஐக்கான பாடப்புத்தகம்) சரிபாக்காம போர்டுக்குப் போகக்கூடாது. இது எவ்வளவு முக்கியம்னா, 25 மில்லிமீட்டர் மைல்ட் ஸ்டீல் ராடுக்கு எங்க ஹெச்எஸ்எஸ் டூல்ல (ஹை ஸ்பீடு ஸ்டீல்) கட்டிங் ஸ்பீடு நிமிஷத்துக்கு 30 மீட்டர்னு வச்சா ராட சுத்துற ஸ்பிண்டில் சுமார் 380 ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு இத்தன சுத்து) வரும், ஏஐ ஒரு தடவ அதவிட வேகம் தாங்குற கார்பைடு டூல் கணக்குல 1500க்கு மேல சொல்லுச்சு, அத நம்பி பழைய லேத்துல போட்டா டூல் முனை கருகிப்போகும். இப்ப அந்தத் தப்பு பதிலையே பசங்ககிட்ட குடுத்து எங்க தப்புன்னு கண்டுபிடிக்கச் சொல்றேன், பார்முலாவ மனப்பாடம் பண்ண பசங்க இப்ப டூல் என்னன்னு கேட்டுட்டுத்தான் கணக்கே போடுறாங்க, எனக்கு அதுல அவ்வளவு சந்தோசம்.

பசங்க பேரு, போட்டோ, மார்க் எதையும் ஆப்ல போடக்கூடாதுன்னு பிடிவாதமா நின்ன ஆபீஸ் அக்காவுக்கும், தங்களோட பட்டறையில செய்யுற ஷாஃப்ட் டிராயிங்க வகுப்புக்குக் குடுத்து உதவுன புதுவயல் ரைஸ் மில் அண்ணங்களுக்கும் பெரிய நன்றி.

அடுத்து சிஎன்சி (கம்ப்யூட்டர்ல ஓடுற மெஷின்) புரோகிராம ஏஐ வச்சு சரிபாக்குறது எப்படின்னு எடுக்கப்போறோம், பக்கத்து ஐடிஐ இன்ஸ்ட்ரக்டருங்களும் சனிக்கிழமை வாங்க, மேடம்கிட்ட கேட்டுட்டேன், தாராளமா வரச்சொல்லுங்கன்னுட்டாங்க.