சவாரிக்குப் போகும் காலி வண்டி

முத்தியால்பேட்டை,
புதுச்சேரி.

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். போனில் ஆட்டோ கூப்பிடுகிறவர்களுக்கு எந்த வண்டியை அனுப்புவது என்று கணக்குப் போடும் உன் ஆபீஸ் வேலையைப் பற்றி, பொங்கலுக்கு வந்தபோது நீ சொன்னது இன்னும் மனசில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

எந்த வண்டி பக்கத்தில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதே லேசில்லை என்றாய். நம் ஊரில் ஆட்டோ ஓட்டுகிறவனுக்கு அது நன்றாகவே புரியும். பெரிய வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நிற்கிற வண்டி கண்ணுக்குத் தெரியும், ஆனால் ஒருவழித் தெருக்களைச் சுற்றித்தான் வர வேண்டும். சாயந்திரம் 6 மணிக்கு மேல் கடற்கரைச் சாலையில் வண்டி விடமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் காந்தி வீதி முழுக்கச் சந்தை. போதாததற்கு, 4 செயற்கைக்கோளாவது கிடைத்தால்தான் ஓட்டுகிறவன் போனுக்குத் தன் இடமே தெரியும், அதுவும் சில மீட்டர் தள்ளிக் காட்டும் என்றாய். மேப்பில் வண்டியைக் காட்டும் புள்ளி வாய்க்காலுக்குள் விழுந்தாலும், அதற்கு முன்னால் வந்த புள்ளிகளை வைத்து வண்டி எந்தத் தெருவில் போகிறது என்று கணிக்கிறீர்களே, அது எனக்கு ரொம்பப் பிடித்தது.

அப்புறம், எந்தச் சவாரிக்கு எந்த வண்டி என்று ஜோடி சேர்க்கும் அந்தக் கணக்கு. அதை நானே காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். முதல் வண்டி, முதலில் கூப்பிட்ட சவாரிக்கு 2 நிமிடத்திலும் அடுத்த சவாரிக்கு 3 நிமிடத்திலும் போய்விடும். இரண்டாவது வண்டிக்கு அதே சவாரிகள் 4 நிமிடம், 12 நிமிடம். முதலில் கூப்பிட்டவருக்குப் பக்கத்து வண்டியைக் கொடுத்தால் இருவர் காத்திருப்பதும் சேர்ந்து 14 நிமிடம். சில விநாடி பொறுத்து, இரண்டையும் சேர்த்துப் பார்த்து மாற்றிக் கொடுத்தால் 7. பாதியாகக் குறைகிறது! நீ இப்படி ஒரு வேலை செய்கிறாய் என்பதில் எனக்குப் பெருமை, அம்மா.

ஆனால் அந்தக் கணக்கில் இருப்பதெல்லாம் சவாரி காத்திருக்கும் நேரம். ஏற்றப் போகும் தூரம் முழுக்க வண்டி காலியாகத்தான் ஓடுகிறது. அந்த எரிபொருள் ஓட்டுகிறவன் கைக்காசு. எங்கள் ஆட்டோ ஸ்டாண்டிலோ முன்னால் வந்து நின்றவனுக்குத்தான் முதல் சவாரி. காலையிலிருந்து ஒன்றும் கிடைக்காதவனை நாங்களே கூப்பிட்டு ஏற்றிவிடுவோம். உங்கள் கணக்கில் அவன் வெறும் புள்ளிதான். எவ்வளவு நேரமாக நிற்கிறான், எவ்வளவு தூரம் காலியாக ஓடினான் என்பதும் உங்கள் போன்களில் பதிவாகத்தானே இருக்கும்? அதையும் கொஞ்சம் எடை போட்டுச் சேர்த்தால் சவாரிக்கு எத்தனை நிமிடம் கூடும் என்று போட்டுப் பார். ஒரு நிமிடம்தான் கூடும் என்றால், அதை உன் மேலதிகாரியிடம் கொண்டுபோ.

என்ன வந்தது என்று ஞாயிற்றுக்கிழமை போனில் சொல். அம்மா கருவாடு கட்டி வைத்திருக்கிறாள், பஸ்ஸில் போட்டு அனுப்புகிறேன்.

அன்புடன்,
அப்பா