விடை மட்டும் போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம். பெயின்ட் கம்பெனி லேபில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மாலையில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பதினொன்றாம் வகுப்புக் கணக்குகள் சொல்லித் தருகிறேன். அவர்களுடைய டியூஷன் நோட்டில் விடை இருக்கிறது, வழி இல்லை. 22 கிராம் கார்பன் டை ஆக்ஸைடு எத்தனை மோல்? '0.5', அவ்வளவுதான். அணு எடை கார்பனுக்கு 12, ஆக்ஸிஜன் இரண்டுக்கு 16 வீதம் 32, ஆக ஒரு மோல் 44 கிராம். 22-ஐ 44-ஆல் வகு என்று ஒரு வரி எழுதினால் கை வலிக்குமா? இயற்பியலில் இன்னும் மோசம். மணிக்கு 72 கிலோமீட்டரை நொடிக்கு 20 மீட்டராக மாற்றாமலே சூத்திரத்தில் போடுகிறார்கள். வரிக்கு வரி அலகு எழுதினால் தப்பு தானே தெரிந்துவிடும். உங்கள் மாணவர் பக்கத்தில் வாரம் ஒரு கணக்கையாவது படிப்படியாக, முழுசாகப் போடுங்கள். குறுக்குவழி அப்புறம் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மாட்டுங்கா, மும்பை