ஒரே மோட்டார், இரண்டு வேலை

அன்புள்ள முரளி,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. முட்டிவலி இப்போது எப்படி இருக்கிறது? குனிந்து மெஷினுக்கு அடியில் நுழையாதே என்று டாக்டர் சொன்னதை நீ கேட்டிருக்க மாட்டாய், தெரியும்.

என் பக்கத்துச் செய்தி, அந்தப் பழைய மேடேக் வாஷிங் மெஷின் ஒருவழியாக ஓடுகிறது. ஆனால் ஓட வைப்பதற்குள் நான் செய்த முட்டாள்தனத்தை உன்னிடம்தான் சொல்ல முடியும். பெல்ட் தேய்ந்திருந்தது, அளவு பொருந்துகிறதே என்று ஒரு கார் பெல்ட்டை எடுத்து மாட்டிவிட்டேன். துவைக்கும்போது ஒன்றும் தெரியவில்லை. ஸ்பின்னுக்கு மாறியதும் ஒரு துள்ளு துள்ளியது பார், வீடே எழுந்துவிட்டது. அப்புறம் உட்கார்ந்து யோசித்தபோதுதான் உறைத்தது. அதில் மோட்டாரை ஓரிடத்தில் இறுக்கி வைக்கவில்லை, ஸ்பிரிங் பிடித்த சட்டத்தில் அது முன்னும் பின்னும் நகரும். தண்ணீரும் துணியுமாகக் கனக்கிற தொட்டி வேகம் பிடிக்கும்வரை பெல்ட் கொஞ்சம் வழுக்கியாக வேண்டும். அந்த வழுக்கல்தான் அதற்குக் கிளட்ச். கார் பெல்ட்டோ வழுக்கவே கூடாதென்று செய்தது. தப்பு முழுக்க என்னுடையது.

நீ எனாமல் நிறத்தையும் குரோம் பட்டையையும் பார்த்து மெஷின் வாங்குகிறவன். எனக்கு எதைப் பார்த்தாலும் ஒரே கேள்விதான்: இருப்பது ஒரு மோட்டார், அதை வைத்துத் துணியை அலசவும் வேண்டும், தொட்டியைச் சுற்றிப் பிழியவும் வேண்டும், இதை எப்படிச் சமாளித்திருக்கிறார்கள்? 1937ல் வந்த பெண்டிக்ஸில் முன்கதவு டிரம் ஒன்றே போதும், மெதுவாகப் புரண்டால் துவைப்பு, வேகமாகச் சுற்றினால் பிழிவு. எளிமைதான், ஆனால் அதிர்வு தாங்காமல் அதைத் தரையோடு போல்ட் போட்டு முடுக்க வேண்டியிருந்தது. வேர்ல்பூலின் பெல்ட் மாடல்களில் கியர் பெட்டிக்கு மேலே ஒரு கை ஓயாமல் இப்படியும் அப்படியும் ஆடும், அதன் மேல் இரண்டு மின்காந்தங்கள். ஒன்று இழுத்தால் அலசல், இன்னொன்று இழுத்தால் ஸ்பின், ஒவ்வொரு தடவையும் 'டொக்' என்று ஒரு சத்தம். மேடேக்கில் அந்த வம்பே இல்லை. மோட்டார் ஒரு பக்கம் சுற்றினால் அலசல். எதிர்ப்பக்கம் சுற்றினால் அடியில் இருக்கும் கப்பி திருகுபோல மேலேறிப் பிரேக்கைத் தளர்த்தும், தொட்டி சுழல ஆரம்பிக்கும். இதை யோசித்தவனுக்கு ஒரு கும்பிடு போடலாம்.

சரி, உன் ஃப்ரிஜிடேர் யூனிமேட்டிக்கை நான் மட்டம் தட்டுகிறேன் என்று கோபித்துக்கொள்ளாதே. ஃப்ரிஜிடேர் அப்போது ஜெனரல் மோட்டார்ஸ் கையில் இருந்தது, 1947லேயே நிமிடத்துக்கு 1140 சுற்று, என்னுடையது அறுநூற்றுச் சொச்சம்தான். பிழிவதில் உன்னுடையதை அடித்துக்கொள்ள முடியாது. துணியைப் பக்கவாட்டில் திருப்பாமல் மேலும் கீழுமாகக் குத்துகிற அந்தப் பல்சேட்டரை மூடியைத் திறந்து வைத்து மணிக்கணக்காகப் பார்க்கலாம். இன்னொன்றையும் ஒத்துக்கொள்கிறேன். ஓட்டை இல்லாத உன் தொட்டி சுழலும்போது தண்ணீர் ஓரமாக ஏறி விளிம்பைத் தாண்டி வெளியே போகிறது, மேலே மிதக்கிற அழுக்கும் நுரையும் அதோடு போய்விடும். ஓட்டைத் தொட்டியில் அதே அழுக்குத் தண்ணீர் துணிக்குள்ளே புகுந்துதான் வெளியேற வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் நீ ஜெயித்தாய், போ.

வீட்டில் ஒரே கிண்டல். கொட்டகையில் மூன்று நிற்கின்றன, வீட்டுத்துணி துவைப்பது என்னவோ புது மெஷினில்தான். என்ன செய்வது, பழையது ஒரு தடவை ஓடினால் 150 லிட்டர் பக்கம் குடிக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஏதாவது ஒன்றுக்கு அனுமதி உண்டு.

உன்னிடம் ஒரு டைமர் உபரியாக இருப்பதாக எழுதியிருந்தாயே, அதை எனக்கு எடுத்து வை. கழற்றுவதற்கு முன்னால் எந்த ஒயர் எந்த முனையில் என்று தாளில் எழுதிவிடு. போன தடவை "எல்லாம் நினைவில் இருக்கிறது" என்று சொல்லி அனுப்பினாய், தண்ணீர் நிரம்பும் முன்னே ஸ்பின் ஓடியது.

அன்புடன்,
சேகர்