மிலாடி நபியும் விசர்ஜனும் ஒரே நாளில்: மும்பை தாராவியிலிருந்து ஒரு நன்றி மடல்

அன்புள்ள பாய்மார்களுக்கும் அக்காமார்களுக்கும் ஸ்டேஷன் சாஹேப்களுக்கும் வணக்கம்.

2023 செப்டம்பர் 28 நல்லபடியாக முடிந்தது. பிள்ளையார் சிலையைக் கரைக்கும் விசர்ஜன் நாளான அனந்த சதுர்த்தசியும் மிலாடி நபியும் ஒரே நாளில் வருவதைக் காலண்டரில் பார்த்தபோதே, பிள்ளையார் விழா நடத்தும் எங்கள் மண்டலில் பலருக்கு வயிற்றைக் கலக்கியது. இரண்டு ஊர்வலமும் நைன்டி ஃபீட் ரோட்டில் எதிரெதிரே வந்தால் என்ன ஆகும் என்று தாராவிக்காரனுக்குச் சொல்லித் தர வேண்டாம்.

முதல் நன்றி பாய்மார்களுக்கு. பைகுலாவில் மிலாடி நபி ஊர்வலம் நடத்தும் கிலாபத் கமிட்டி தன் ஊர்வலத்தை 29ஆம் தேதிக்குத் தள்ளிவைத்ததும், அரசு விடுமுறையை மாற்றியதும் பேப்பரில் வந்தன. ஆனால் "நாம ஏன் தள்ளிப் போகணும்?" என்று கேட்ட இளவட்டங்களுக்கு டீக்கடை வாசலில் நின்று பொறுமையாகப் பதில் சொன்னவர்கள் பேப்பரில் வரவில்லை. அவர்களுக்குத்தான் இந்த மடலே.

அப்புறம், தெருக்காரர்களும் போலீஸும் சேர்ந்து உட்காரும் நம் மொஹல்லா கமிட்டிக்கு வரும் ஹெட் கான்ஸ்டபிள் சாஹேப். விசர்ஜனுக்கு முந்தின இரவு, சிலையை உடைத்துவிட்டார்கள் என்று ஒரு வீடியோ வாட்ஸ்அப்பில் சுற்றியது. அவர் யாரையும் மிரட்டவில்லை. வீடியோவில் சொன்ன சந்துக்கு நேரே போனார். மண்டல் பையன் ஒருவனையும் பள்ளிவாசல் பையன் ஒருவனையும் சிலைக்கு இருபுறமும் நிறுத்திப் படம் எடுத்து குரூப்பில் போட்டார். கீழே ஒரே வரி: "மூர்த்தி டீக் ஆஹே, ஜோபா ஆதா." சிலை நன்றாக இருக்கிறது, தூங்குங்கள். சரி என்று எல்லோரும் தூங்கப் போனோம்.

அந்த ஒரு வரியை நாங்கள் நம்பியதற்குக் காரணம், அவர் மழைக்காலம் முழுக்க எங்களோடு உட்கார்ந்து அடைத்துக்கொண்ட நாலாவை, அதாவது சாக்கடைக் கால்வாயைப் பற்றிய புகார்களைக் கேட்டவர். நாலா போலீஸ் வேலையே இல்லை. ஆனாலும் கேட்டார், வார்டு ஆபீசுக்கு போன் போட்டார். பண்டிகைக்கு முந்தின நாள் மட்டும் பெரிய மனிதர்களைக் கூப்பிட்டு, டீ கொடுத்து, கையெழுத்து வாங்கி அனுப்புகிற சாந்தி கமிட்டிகளில் எனக்கு நம்பிக்கை கிடையாது.

இந்த வழியைக் காட்டியது பிவண்டி. 1970லும் 1984லும் கலவரத்தில் எரிந்த விசைத்தறி ஊர். அங்கே போலீஸ் துணை ஆணையராக இருந்த சுரேஷ் கோப்டே 1988 வாக்கில் தெருவுக்குத் தெரு மொஹல்லா கமிட்டி அமைத்தார். இரண்டு மதத்துச் சாதாரண ஜனங்களும் போலீஸ்காரர்களும் சேர்ந்து உட்கார்ந்து தண்ணீர், சாக்கடை, குடும்பச் சண்டை என்று பேசினார்கள். 1992-93இல் பம்பாய் பற்றி எரிந்தபோது பக்கத்திலிருந்த பிவண்டி அமைதியாக இருந்தது. பம்பாயில் செத்தவர்கள் 900 பேர் என்று அந்தக் கலவரத்தை விசாரித்த ஸ்ரீகிருஷ்ணா கமிஷன் எழுதியது. அதில் தாராவியின் கணக்கும் உண்டு. அந்தக் கலவரத்துக்குப் பிறகுதான் முன்னாள் போலீஸ் அதிகாரி ஜூலியோ ரிபைரோவும் அப்போதைய போலீஸ் கமிஷனர் சதீஷ் சாஹ்னியும் சமூக சேவகி சுஷோபா பார்வேயும் இந்த ஏற்பாட்டை மும்பைக்குக் கொண்டுவந்தார்கள். நம் தாராவியில் வகார் கானும் பாவ் கோர்டேயும் இதற்காக வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். அவர்களுக்கெல்லாம் தாமதமான நன்றி.

அக்காமார்களை மறக்க முடியாது. பாங்கு சொல்லும் நேரத்தில் டோல் மேளம் நிற்க வேண்டும் என்று கூட்டத்தில் எங்கள் பையன்களிடம் கறாராகச் சொன்னவர்கள் நீங்கள். அன்றைக்கு நிறுத்தவும் வைத்தீர்கள். மாஹிம் கடற்கரை வரை தண்ணீர் பாக்கெட் கொடுத்துக்கொண்டே வந்த பாய் வீட்டுப் பிள்ளைகளுக்கும் நன்றி. வெறுங்கையோடு வந்த எங்கள் தொண்டர்கள் வெட்கப்பட்டார்கள்.

தீபாவளிக்கு முன்னால் அடுத்த கூட்டம். பொதுக் கழிப்பறைப் பாதையில் விளக்கு எரியாதது முதல் விஷயம். சாஹேப், வார்டு ஆபீஸ்காரரையும் கையோடு கூட்டிக்கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
பிள்ளையார் மண்டல் சார்பில், உங்கள் தெருக்காரன்